ஆறு குழி வீடு

எங்கள் பண்டத்தரிப்பில் நிலத்தைப் பரப்பு என்றும் குழி என்றும் அளப்பார்கள். 18 குழி கொண்டது ஒரு பரப்பு. 16 பரப்பு கொண்டது ஓர் ஏக்கர். ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளே இக்கணக்கை விரைவில் கற்றுக்கொள்வார்கள். வீடும் வளவும் சீதனமாய் அவர்கள் பெயருக்கல்லவா எழுதப்படுகின்றன! ஆகவே 2018ஆம் ஆண்டில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டை விலைபேசியபோது, நானும் பழக்க தோஷத்தால் அதைக் குழியில் அளந்து பார்த்தேன். விற்பவர் 907 சதுர அடி என்றார். பரப்பில் மூன்றில் ஒரு பங்கு; அதாவது ஆறு குழி. ஐந்தாம் மாடியில், மண்ணைத் தொடாமல் நிற்கும் ஆறு குழி! ஊரிலிருந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "பிள்ளை, அந்த ஆறு குழிக்கை கிணறு எங்கை கிடக்கு?" என்று கேட்டார்.

வேடிக்கைக்காகக் கேட்ட கேள்வியன்று அது. யாழ்ப்பாணத்தில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்கடியில் தேங்கிய மழைநீரே உயிர். கிணறில்லாத காணியை எங்கள் முன்னோர் காணியாகவே மதித்ததில்லை.

நான் ஏன் அந்தக் கிணறில்லா வீட்டைத் தேடிப் போனேன் என்பதைச் சொல்ல, என் தந்தையாரின் பிரயாணத்திலிருந்து தொடங்க வேண்டும். பண்டத்தரிப்பு, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் யோன் ஸ்கடர் 1820இல் வந்து தங்கி வைத்தியம் பார்த்த ஊர். மிஷனரிமாரின் வரவால் எங்கள் பகுதியில் பள்ளிக்கூடங்கள் பெருகின. பள்ளிக்கூடங்களால் உத்தியோகங்கள் பெருகின. உத்தியோகமோ 400 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் இருந்தது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்ததும் ஆண்கள் அங்கே போகலானார்கள். மனைவியரும் பிள்ளைகளும் ஊரிலேயே இருந்தார்கள். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின் அந்தப் பிரிவு சற்றுச் சுருங்கியது; நீங்கவில்லை. என் தந்தையார் அரசாங்க இலிகிதர். வெள்ளவத்தையில் ஒரு சிறு ஒழுங்கையில் நால்வரோடு 'சமறி' போட்டிருந்தார். மாதத்துக்கொரு முறை வெள்ளிக்கிழமை ஏறி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவார். அவர் பிரயாணத்தில் செலவிட்ட காலத்தைக் கணக்கெடுத்தவர்கள் உண்டு. அம்மா காத்திருந்த காலத்தை எவரும் கணக்கெடுக்கவில்லை.

1983 ஆடிக் கலவரத்தில் சமறியும் போயிற்று, அதிலிருந்த பெட்டியும் போயிற்று. அகதிகளை ஏற்றிவந்த கப்பலொன்றில் காங்கேசன்துறையில் வந்திறங்கிய தந்தையார் அதன் பின் கொழும்புக்குப் போகவேயில்லை. 1990இல் புகையிரதமும் நின்றது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நாங்களும் பண்டத்தரிப்பைப் பூட்டிக்கொண்டு நடந்தோம். அடுத்த ஆண்டில் திரும்பி வந்து, கூரையிழந்த வீட்டைத் திறந்தோம். அந்த வீடுதான், திருத்தப்பட்ட பின், 1999இல் எனக்குச் சீதனமாயிற்று. கூடவே அண்ணாவுடன் பிரிபடாத பங்காக ஐந்து பரப்புத் தோட்டக்காணியும்.

என் கணவருக்குக் கட்டுநாயக்கா வர்த்தக வலயத்தில் வேலை. ஆகையால் நீர்கொழும்பில் வாடகைக்குக் குடியிருந்தோம். 2004இல் எனக்குக் கொழும்புக் கோட்டையில் ஒரு கணக்குக் கந்தோரில் இடம் கிடைத்தது. அன்று தொடங்கியது என் பிரயாணம். காலை ஐந்தே கால் மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்படுவேன். சீதுவை, ஜாஎல, ராகமை என்று புகையிரதம் ஒவ்வொரு தரிப்பிலும் ஆட்களை விழுங்கிக்கொண்டு போகும். ராகமைக்குப் பின் கால் மாற்றி நிற்கவும் இடமிராது. திரும்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாலை ஏழு மணி கடந்திருக்கும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கணக்குக் கந்தோரில் இருப்பவளுக்கு இதைக் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஆண்டுக்கு 220 வேலைநாள் என்றால் 880 மணித்தியாலம். 14 ஆண்டுக்கு 12,320 மணித்தியாலம். அதை நாளாக்கினால் 513 நாள்: இரவும் பகலும் இறங்காமல் ஒரு புகையிரதப் பெட்டிக்குள் ஓர் ஆண்டும் ஏறக்குறைய ஐந்து மாதமும்! இந்தத் தொகையைத் தாளில் எழுதிக் கணவரிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வீடு பார்ப்பம்" என்றார்.

நான் கோட்டைக்கு அருகே வந்தால் அவர் கட்டுநாயக்காவைவிட்டுத் தூரப் போவார் என்பதும் அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. ஆயினும் 2013இல் கொழும்பு–கட்டுநாயக்கா அதிவேகப் பாதை திறந்த பின், கம்பனி வானில் அமர்ந்தபடி அவர் போய் வரலாம். நின்றுகொண்டு போகும் இரண்டு மணி நேரமும் உட்கார்ந்துகொண்டு போகும் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல.

ஏன் வெள்ளவத்தை என்று கேட்பார் உண்டு. கோட்டைக்குப் புகையிரதத்தில் கால் மணி நேரம் என்பது ஒரு காரணம். மகளுக்குத் தமிழ்ப் பாடசாலை கிட்ட இருந்தது இன்னொன்று. மூன்றாவது காரணத்தைத் தமிழர் யாவரும் அறிவர். 2007 ஜூன் 7ஆந் திகதி விடியற்காலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த வடக்கு, கிழக்குத் தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. "எங்கே இருக்கிறீர், ஏன் இருக்கிறீர்?" என்று கேட்கப்பட்ட காலத்தில், சொந்த விலாசம் என்பது வெறும் வசதியன்று. போரினால் வந்தவர்களும், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்களும், பிள்ளைகள் அனுப்பிய பணத்தோடு வந்த முதியோரும் சேர்ந்தே இந்தக் கடலோரத்தை மாடிக்கு மேல் மாடியாக உயர்த்தினர்.

பணத்துக்கு வருவோம். வங்கிக் கடன் பாதி. மீதிக்கு என் தோட்டக்காணிப் பங்கை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. இங்கேதான் தேசவழமை என் முன் வந்து நின்றது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் எழுத்தில் தொகுத்த யாழ்ப்பாண வழக்கம் அது. ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்றனர். இன்றும் நடைமுறையில் இருக்கின்றது. அதன்படி மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. கணவன் தன் சொத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை! என் கணவர் நல்லவர், சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டார். நல்லவரல்லாதார் வீட்டில் இந்தக் கையொப்பம் என்ன பாடு படுத்தும் என்று நொத்தாரிசின் மேசையருகே நின்று எண்ணிப் பார்த்தேன். காரணமின்றிக் கணவன் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்கிறது சட்டம். நாடுகிறவர் எத்தனை பேர்?

இன்னொரு முடிச்சும் இருந்தது. பங்குக் காணியை அந்நியருக்கு விற்குமுன் கூட்டுப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவிக்க வேண்டும். அவர்கள் வாங்க விரும்பினால் அவர்களுக்கே முதலிடம். 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டம் இதை வகுத்திருக்கிறது. 'என் காணி' என்று நாம் சொல்லும் காணி முழுவதும் நம்முடையதன்று. அதன் மேல் இரத்த உறவின் நிழல் எப்போதும் விழுந்துகொண்டிருக்கிறது. ரொறன்ரோவிலிருந்த அண்ணாவுக்கு அறிவித்தல் போயிற்று. இரண்டு நாள் கழித்து இரவில் அவர் அழைத்தார். "வேறை ஆருக்கும் குடுக்காதை. சந்தை விலைக்கு நானே எடுக்கிறன். அம்மா இருக்குமட்டும் அந்தத் தோட்டத்திலை வெங்காயம் விளையட்டும்," என்றார். குத்தகைக்குச் செய்பவர் மாறவில்லை. உறுதியில் பெயர் மட்டும் மாறியது. விற்ற துயரம் எனக்குப் பாதியாய்க் குறைந்தது என்றால் அது அந்தப் பழைய வழக்கத்தின் தயவே. ஒரே சட்டம் ஒரு பக்கத்தால் பெண்ணை அழுத்துகிறது. மறு பக்கத்தால் அவள் பிறந்த மண்ணைக் குடும்பத்துக்குள் வைத்துக் காக்கிறது. இரண்டையும் ஒருசேர நீக்க வேண்டும் என்பாரோடும், ஒருசேரக் காக்க வேண்டும் என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை.

இனி, வாங்கிய வீட்டின் உறுதி. சட்டத்தரணி முதலிற் பார்த்தது விலையையன்று. கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்பதை. மாடிவீட்டைத் தனியுடைமையாக எழுதிக்கொள்ள வழிசெய்தது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம். பின்னர் அது திருத்தப்பட்டது. இவற்றை மேற்பார்வை செய்ய இப்போது கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. வரைபடம் பதியப்படாத கட்டடத்தில் பணத்தைக் கொட்டியவர்கள், சாவி கையிலிருந்தும் உறுதி கையிலில்லாமல் அலைவதை வெள்ளவத்தையில் காணலாம். கட்டடம் அனுமதி பெற்றபடி கட்டி முடிக்கப்பட்டதென்ற சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். வீடு தேடும் வாசகர் குசினியின் அழகைப் பார்க்குமுன் இவ்விரண்டையும் பார்ப்பாராக.

அந்த உறுதியை நான் ஊர் உறுதியின் பக்கத்தில் வைத்து வாசித்தேன். பண்டத்தரிப்பு உறுதியின் கடைசி வரிகளில், காணியின் எல்லைகளுக்குப் பின், கிணற்றிலும் வழியிலும் வாய்க்காலிலும் எனக்குள்ள பங்கு எழுதப்பட்டிருந்தது. கொழும்பு உறுதியின் கடைசிப் பகுதியில் படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்த் தாங்கி, மொட்டைமாடி, கட்டடம் நிற்கும் நிலம் ஆகியவற்றில் எனக்குள்ள பங்கு எழுதப்பட்டிருந்தது. அம்மாவின் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது. நிலத்துக்கடியில் இருந்த கிணறு மொட்டைமாடியில் தாங்கியாய் ஏறியிருந்தது. பங்கு பங்காகவே இருந்தது. ஊரில் இறைப்பு முறைக்காகச் சண்டை பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே மோட்டர் ஓடும் நேரத்துக்காகச் சண்டை பிடிக்கிறார்கள்.

வீடு 20 ஆண்டு பழையது. திருத்தாமல் குடிபுக முடியாது. கடலுக்கு முந்நூறு யார் தூரம். உப்புக் காற்று யன்னல் இரும்பை உதிர்த்திருந்தது. பல்கனித் தூணொன்றில் சீமெந்து வெடித்துச் செதில் செதிலாய்க் கழன்றது. பொறியியலாளர் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து விளக்கினார்: உள்ளே கம்பி துருப்பிடிக்கும்போது முன்னிருந்த பருமனைவிட வீங்குகிறது, வீங்கும் இரும்புக்கு இடம் கொடுக்க முடியாமல் கொங்கிறீற்று பிளக்கிறது. மேலே பூசி மறைத்தால் ஓராண்டில் மீண்டும் வரும். கம்பி தெரியும்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, பூச்சிட்டு மூட வேண்டும். நான் குசினிச் சுவரை உடைத்து மண்டபத்தோடு சேர்க்க விரும்பினேன். அது பாரந்தாங்காத செங்கற் சுவர் ஆகையால் அனுமதி கிடைத்தது. ஆனால் அதை அடுத்துக் குழாய்கள் இறங்கும் கூடத்தின் சுவரைத் தொடக்கூடாது என்றார்கள். அது என் வீட்டுக்குள் நின்றாலும் என்னுடையதன்று, பொதுச் சொத்து. யன்னலும் அப்படியே. உள்ளே எந்தத் திரையும் போடலாம். வெளியே தெரியும் சட்டத்தின் நிறத்தை மாற்ற எனக்கு உரிமையில்லை.

குளியலறைதான் பெரும்பாடு. நாங்கள் சாவி வாங்கிய வாரமே கீழ்வீட்டு அம்மையார் ஏறி வந்து என்னைக் கைபிடித்து அழைத்துச் சென்று தமது கூரையைக் காட்டினார். தேயிலைச் சாயம் போன்ற ஒரு கறை, இலங்கைப் படம்போல் விரிந்திருந்தது. முன்னிருந்தவர் நான்கு ஆண்டாக இதைக் கேட்டும் கேளாதிருந்தாராம். மேசனார் மலையகத்தவர், தொழிலில் நிதானமானவர். பழைய மாபிளைப் பெயர்த்தபோது, அதன் கீழே நீர்காப்புப் பூச்சே இல்லாதிருந்தது. தரையையும் சுவரின் ஓரடி உயரத்தையும் சேர்த்து மூன்று முறை பூசினார். பின்பு வடிகாலைத் துணியால் அடைத்து, மூன்று விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் கட்டி, "அம்மா, இருபத்து நாலு மணி நேரம் இப்படியே கிடக்கட்டும்" என்றார். அன்றிரவு கீழ்வீட்டில் அம்மையாரும் நானும் மாறி மாறி மின்விளக்கைப் பிடித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடியும்வரை ஒரு துளியும் இறங்கவில்லை. அவரோடு எனக்கு இன்றுவரையுள்ள சிநேகம் அந்த வரண்ட கூரையின் கீழே தொடங்கியது.

மணலைச் சாக்கில் கட்டிப் படியால் ஏற்றினோம். மின்தூக்கியில் ஏற்ற நிருவாகக் குழு இணங்கவில்லை. மணலின் விலையைவிட ஏற்றுகூலி அதிகம். காலை எட்டுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் தட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் கூடாது. ஆறு கிழமை என்று சொன்ன வேலை நாலு மாதமாயிற்று. ஊரில் இடிந்த அடுக்களையின் பனஞ்சலாகைகள் சில மழையில் கிடந்தன. சில்லாலையைச் சேர்ந்த ஓடாவியார் ஒருவர் அவற்றை லொறியில் கொண்டுவந்து இழைத்து, குசினியில் தட்டுகள் அமைத்தார். கறுப்பு நார் ஓடிய அந்த மரத்தில் அவருடைய வாள் இரண்டு முறை பல்லிழந்தது.

அம்மா 2019 பங்குனியில் வந்து ஒரு மாதம் தங்கினார். வந்த மூன்றாம் நாள், மிளகாயைக் கடகத்தில் அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பாயில் பரப்பிவிட்டார். மாலையில் நிருவாகக் குழுவிலிருந்து எழுத்தில் ஒரு முறைப்பாடு வந்தது: பொது இடத்தைத் தனியார் உபயோகிக்கலாகாது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அதிலை எங்களுக்கும் பங்கு எண்டு நீதானே சொன்னனீ? எங்கடை பங்கிலைதானே காயப்போட்டனான்!" என்றார். பிரிபடாத பங்கில் எந்த மூலை யாருடையது என்று சொல்ல முடியாதென்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை, இருந்தும் சொன்னார். பின்பு அவரே கீழிறங்கி, குழுச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டி, இடித்த தூளில் ஒரு போத்தல் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் யாரும் காயப்போடலாம் என்று தீர்மானமாகியிருக்கிறது.

குடிபுகுந்து ஓராண்டுதான் கழிந்தது. 2020 மார்ச் 20ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு. கந்தோரே மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. காணியை விற்றுச் சுருக்கிய பிரயாணம் அடியோடு இல்லாமற்போனதைப் பார்த்து உறவினர் சிலர் எள்ளினர். நான் மறுமொழி சொல்லவில்லை. 2022இல் எரிபொருள் தீர்ந்து, வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, என் சகபாடிகள் பலர் கந்தோருக்கு வர வழியின்றித் தவித்தார்கள். நான் காலை ஏழரைக்கு வீட்டைப் பூட்டி, பத்து நிமிடம் நடந்து, கடலைப் பார்த்துக்கொண்டு புகையிரதமேறி, எட்டு மணிக்குக் கதிரையில் இருந்தேன். எள்ளியவர்களுள் இருவர் அவ்வாண்டே வெள்ளவத்தையில் வாடகைக்கு இடம் தேடித் தரும்படி கேட்டார்கள்.

நாளொன்றுக்கு மிச்சமாவது மூன்று மணி நேரம், ஆண்டுக்கு 660. அந்த நேரத்தில் பெரிய காரியம் எதுவும் செய்துவிடவில்லை. ஐந்தரை மணிவரை உறங்குகிறேன். மகள் பாடசாலையில் இருந்த காலத்தில் மாலை அவளோடிருந்து கணிதம் பார்த்தேன். முன்பு ஆண்டுக்கொரு முறை போன ஊருக்கு இப்போது நாலைந்து முறை போகிறேன். 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது எனக்குப் பெரிய உதவி. வார இறுதியில் களைத்துக் கிடந்தவளுக்கு முன்பு அந்த எண்ணமே எழுந்ததில்லை. கிட்ட வந்ததால் தூரம் போக முடிகிறது.

கணவரின் வான் மாலை ஆறே முக்காலுக்குக் காலி வீதியில் அவரை இறக்கிவிடுகிறது. பல்கனியில் நின்று அவர் வருகிறாரா என்று பார்ப்பவள் இப்போது நான். மின்தூக்கி பழுதாகி, புதியது போட வேண்டுமென்று சென்ற கூட்டத்தில் முடிவாயிற்று. தரைத்தளத்தார், நாங்கள் ஏறுவதில்லை, ஏன் கொடுக்க வேண்டும் என்றார்கள். உறுதியிலுள்ள பங்குப்படி எல்லாருமே கொடுக்க வேண்டும் என்று செயலாளர் வாசித்துக் காட்டினார். ஒன்றரை மணி நேரம் வாதிட்டு, 36 தவணையாகக் கொடுக்க இணங்கினார்கள். கணவர் ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகள் உண்டு. கடைசித் தவணையும் அதே மாதத்தில்தான் முடிகிறது.